முழம் முழமாக நடந்த காளவாய்

வேதகிரிக்கு முதலில் துரோகம் செய்தவன் தனகோட்டி. அவனுக்குப் பிறகு செய்தவர்கள் பலர் உண்டு. பெற்ற அப்பா உண்டு, ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, நிச்சயம் செய்த பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்த மாமன் உண்டு. ஆனால் அவர்களெல்லாம் மடையில் வந்த தண்ணீர், மடையைத் திறந்துவிட்டவன் தனகோட்டிதான் என்று வேதகிரி நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இருந்தாலும் சொன்னார், இல்லாவிட்டாலும் சொன்னார், ஒருமுறைகூட ஒரு வார்த்தையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை.

நடந்தது இதுதான். சிப்பிமேட்டில் பக்கிங்காம் கால்வாயின் மேற்குக் கரையில் சுண்ணாம்புக் காளவாய்கள் நான்கு, யானைகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி இருந்தன. படகில் வந்து இறங்கிய கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கடுக்காகப் போட்டு எரித்து, வாரி வெளியே தள்ளித் தண்ணீர் தெளித்தால், அது படபடவென்று வெடித்துப் பூத்து வெள்ளை மாவாகும். நான்குக்கும் மேஸ்திரி தனகோட்டி. மூன்றாவதில் வேலை செய்தவர் வேதகிரி, அப்போது இருபத்தாறு வயது. அந்த வருஷம் அம்மன் கோயில் கோபுரத்துப் பொம்மைகளுக்கு மூன்றாம் காளவாயிலிருந்து சுண்ணாம்பு போனது, கும்பாபிஷேகம் முடிந்த நாற்பதாம் நாள் அம்மனின் மூக்கு உதிர்ந்தது, அறுபதாம் நாள் கை உதிர்ந்தது, தொண்ணூறாம் நாள் சிங்கத்தின் தலை பூசாரியின் காலடியில் வந்து விழுந்தது. சுண்ணாம்பில் பாதி கடற்கரை மணல். இரவலாக வாங்கிய படகில் மணலைக் கொண்டுவந்து கலந்தவன் தனகோட்டி, அதை வேதகிரி கண்ணால் பார்த்தார், "பேசாம இருடா, உனக்கு நல்லது பண்றேன்" என்று அவன் சொன்னதைக் காதால் கேட்டார், அண்ணன் முறை ஆயிற்றே என்று பேசாமலும் இருந்தார். பஞ்சாயத்து கூடிய அன்று, யாரும் யாரையும் கேட்பதற்கு முன்னாலேயே, தனகோட்டி எழுந்து நின்று விரலை நீட்டி, "மூணாவது காளவாய்ல நின்னவன் இவன்தானே, இவனைக் கேளுங்க" என்றான்.

ஒரு கூடை மணலை வேதகிரியின் தலையில் ஏற்றி, பட்டப்பகலில் நான்கு தெருவும் சுற்றவைத்தார்கள். அன்றிலிருந்து அவர் மணல் வேதகிரி. வாக்காளர் பட்டியல் வாசிக்கிறவன் மணல் வேதகிரி என்றான், ரேஷன் கடையில் மணல் வேதகிரி என்றார்கள், அவருடைய கல்யாணத்தில் மொய் எழுதியவன் மாப்பிள்ளை பெயரை அப்படித்தான் எழுதினான். அவருடைய அப்பா சாகிறவரைக்கும் அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. சிப்பிமேட்டுச் சுண்ணாம்பை அதற்குமேல் எவனும் வாங்காததால் காளவாய்கள் நான்கும் அணைந்தன. தனகோட்டி மட்டும் காண்ட்ராக்ட் எடுத்தான், மெயின் ரோட்டோரம் மாடி வீடு கட்டினான், அதற்குப் பக்கத்தில் கல்யாண மண்டபமும் கட்டினான், இரண்டு முறை பஞ்சாயத்துத் தலைவரும் ஆனான்.

இவ்வளவையும் வேதகிரி நெஞ்சில் போட்டுக்கொண்டு இருந்திருப்பார், இருந்தபடியே செத்தும் போயிருப்பார். ஆனால் அவருடைய எழுபத்தோராம் வயதில் பழைய கட்டடங்களைக் காக்கிற துறையிலிருந்து ஜீப் வந்தது. வந்தவர் நூர்ஜகான் என்ற அதிகாரி. நான்கு காளவாய்களையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார், நாடாவால் அளந்தார், இவை அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருக்கவேண்டிய சின்னங்கள், இனி இவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குள் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது, வைத்தால் சிறை என்றார். கம்பிவேலி வந்தது, காவலுக்கு ஆள் வந்தான், கடைசியாக ஒவ்வொரு காளவாய்க்கும் முன்னால் ஒரு கருங்கல் வந்து நின்றது.

வேதகிரி இரண்டாம் வகுப்பு வரை படித்தவர். மூன்றாம் கல்லின் முன்னால் நின்று, விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டினார். ம. ண. ல். அதற்குமேல் கூட்டவேண்டியிருக்கவில்லை. பின்னால் நின்ற டீக்கடைக் கலியன்தான் மீதியைப் படித்துச் சொன்னான்: "மணல் வேதகிரி காளவாய். கலப்படம் காரணமாக 1979இல் மூடப்பட்டது. தகவல், திரு. தனகோட்டி, கடைசி மேஸ்திரி."

"மேடம், இது என் பேரு," என்றார் வேதகிரி, ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு. "முன்னாடி இருக்கிற மூணு எழுத்து என்னுது இல்ல."

"ஊர்ல எல்லாரும் அப்படித்தானேங்க ஐயா சொல்றாங்க? வாய்மொழி வரலாறுன்னு பதிவு பண்ணியிருக்கோம்."

"அந்த வாயி யாரோட வாயின்னு கேட்டீங்களா?"

நூர்ஜகான் நல்ல பெண். நடந்ததையெல்லாம் கேட்டார், கேட்டு முடித்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தகவல் தந்தவரே 'நான் சொன்னது தப்பு, செஞ்சது இன்னார்'னு மாத்திச் சொன்னா, மறுநாளே கல்லை மாத்திடறேன். அவர் சொல்லலைன்னா என் கையில இல்லைங்க ஐயா. நீங்களா கல்லுமேல கை வெச்சுடாதீங்க. காளவாய் மாதிரி கல்லும் இப்ப பாதுகாப்புல இருக்கு."

வேதகிரி நேராக மண்டபத்துக்குப் போனார். தனகோட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், எழுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டிலும் தைலம்.

"என்னடா இது, கல்லுல பேரு வந்திருக்குது, ஒரு லட்டாவது வாங்கியாரக்கூடாதா?" என்றான். "பாரு, உன் பேரு பெரிய எழுத்துல. என் பேரு கீழ பொடி எழுத்துல. நான் ஏதாவது சொன்னேனா?"

வேதகிரி திரும்பி நடந்தார். மறுநாள் காலை, காவல்காரன் டீ குடிக்கப் போன நேரத்தில், வேலிக்குள் புகுந்து மூன்றாம் காளவாயின் முன்னால் குனிந்தார்.

காளவாய் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கிளிஞ்சலும் கரியும் அடுக்கி முடித்ததும், நெருப்பு வைப்பதற்கு முன்னால், அடுக்கியவன் அடியிலிருக்கும் வாய்க்கு நேராகக் குனிந்து, இந்தச் சுண்ணாம்பு யாருக்கு என்று மூன்று முறை கூவவேண்டும். "கோயிலுக்கு!" என்று கூவுவார்கள், "பள்ளிக்கூடத்துக்கு!" என்று கூவுவார்கள், போய்ச்சேரும் இடம் தெரிந்தால்தான் கிளிஞ்சல் முழுசாகப் பூக்கும் என்று நம்பிக்கை. நடுவில் ஆள் மாறினால், கூவியவனே திரும்ப வந்து "இருக்கட்டும்" என்று கூவவேண்டும், வேறு எவன் கூவினாலும் செல்லாது. வெறும் காளவாயில் மட்டும் கூவவே கூடாது. கூவினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை எவனும் கூவியதில்லை.

கிளிஞ்சல் இல்லை, கரி இல்லை, உள்ளே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. வேதகிரி அந்த இருட்டைப் பார்த்து, நாற்பத்தைந்து வருஷத்தையும் தொண்டைக்குக் கொண்டுவந்து, "தனகோட்டிக்கு!" என்று கூவினார். "தனகோட்டிக்கு! தனகோட்டிக்கு!" கலியன் கடை வரைக்கும் அது கேட்டது.

அன்று மத்தியானம் எல்லோரும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில், மூன்றாம் காளவாய் ஒரு முழம் மேற்கே நகர்ந்தது.

முதலில் பார்த்தவள் நாய். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இரண்டாம் காளவாய்க்கு மாற்றிவிட்டாள். அடுத்து காவல்காரன் பார்த்தான். காளவாய் இருந்த இடத்தில் பிறைபோல ஒரு முழ அகலத்துக்கு ஈரமண் தெரிந்தது, அதில் மண்புழுக்கள் வெயிலைப் பார்த்துத் திகைத்துக் கிடந்தன. மறுநாள் மத்தியானம் இன்னொரு முழம். அதற்கு மறுநாள் இன்னொன்று. நகர்வதை யாரும் பார்த்ததில்லை, நகர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள், குழந்தை வளர்வதைப்போல, கடன்காரன் தெருமுனைக்கு வருவதைப்போல. ஊரில் யாரும் அலறவில்லை. மூன்றாம் நாள் கலியனின் கடையில் பேச்சு இப்படி இருந்தது:

"காளவாய்க்கு ஏதுடா கால்?"

"கால்வாய்க்குக் கால், காளவாய்க்கு வாய். நூறு வருஷம் ஒட்டிப் படுத்திருந்ததில கால் இந்தப் பக்கம் ஒட்டிக்கிச்சு."

"அப்ப கால்வாய் பேச ஆரம்பிக்குமா?"

"பேசினா மொதல்ல உன்னைத்தான் கேக்கும், தெனம் காலையில அங்க வந்து குந்துறது யாருன்னு."

பத்தாம் நாள் ஊருக்கு அது பழகிவிட்டது. காளவாய் போகிற வழியில் ஒரு மாட்டுக்கொட்டகை இருந்தது. கொட்டகைக்காரன் முன்கூட்டியே பிரித்து, காளவாய் கடந்துபோன இடத்தில், அதன் முதுகுக்குப் பின்னால் மறுபடி கட்டப் பார்த்தான், அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. காளவாயைச் சுற்றி நூறு மீட்டருக்குள் ஒரு செங்கல் வைக்கக்கூடாது என்பது சட்டம், காளவாய் நகர்ந்தால் அந்த நூறு மீட்டரும் கூடவே நகர்ந்தது. துறையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஆள் வந்து எல்லைக்கல்லைப் பிடுங்கி ஏழு முழம் தள்ளி நட்டுவிட்டுப் போனான். கிழக்கே வட்டத்திலிருந்து விடுபட்ட வீட்டுக்காரர்கள் அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கக்கூஸ் கட்டினார்கள், மேற்கே வட்டத்தில் அகப்பட்டவர்கள் பாதி எழுந்த சுவரோடு நின்றார்கள். "உங்க வீட்டை வட்டம் எப்ப விடுது?" என்பதுதான் ஊரில் நலம் விசாரிக்கும் பேச்சானது. பெண் பார்க்க வந்தவர்கள் பையனுக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் வீடு வட்டத்துக்குள்ளா வெளியிலா என்று கேட்டார்கள். மின்வாரியத்து ஆட்கள் வந்து, காளவாயின் தலை இடிக்காதபடி கம்பியை உயர்த்திக் கட்டினார்கள். மீன் காயப்போடும் பெண்கள், தினம் ஒரு முழம் புதுத்தரை கிடைக்கிறது என்று அதன் பின்னாலேயே பாயைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கலியன் டீக்கடைக்குச் சக்கரம் வைத்தான்.

துறைக்குத்தான் பெரிய சங்கடம். பாதுகாக்கப்பட்ட சின்னம் நகராது என்று அவர்களுடைய புத்தகத்தில் எழுதியிருந்தது, நகர்கிற சின்னத்துக்கு அதில் ஒரு வரியும் இல்லை. கடைசியில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது: சின்னம் நகரமுடியாது ஆகையால் சின்னம் நகரவில்லை, சிப்பிமேடு கிராமம்தான் நாளொன்றுக்கு ஒரு முழம் வீதம் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது, கிராமத்தார் அதை உடனே நிறுத்திக்கொள்ளவேண்டும்.

"நிறுத்துங்கய்யா, ஏன் கெழக்கால ஓடுறீங்க?" என்று கலியன் பஸ்ஸுக்கு நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான்.

காளவாய்க்கும் தனகோட்டியின் வாசலுக்கும் இடையே முந்நூற்றைம்பது முழம். வேதகிரி தினமும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு போய், தன் கையை மண்ணில் வைத்து அளந்து பார்ப்பார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, துல்லியமாக அவருடைய கைதான். அதில் அவருக்கு உண்டான சந்தோஷத்தைச் சந்தோஷம் என்று சொல்லமுடியாது. வெந்த சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதிக்குமே, நெருப்பில்லாமல், அப்படி ஒன்று.

தனகோட்டி முதலில் சிரித்தான். "என் மண்டபத்தைப் பார்க்க வருதுபோல, வரட்டும், பந்தி போடறேன்," என்று மாலை வாங்கிக்கொண்டுபோய்ப் போட்டான், மாலை மறுநாளே கருகியிருந்தது. நூற்று முப்பதாம் நாள் வட்டம் மண்டபத்தைத் தொட்டது. மேல்மாடிக்கு நிறுத்திய தூண்கள் அப்படியே கம்பி நீட்டிக்கொண்டு நின்றன, தை மாதத்து முகூர்த்தக்காரர்கள் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஜே.சி.பி. கொண்டுவந்து காளவாயைத் திருப்பித் தள்ளச் சொன்னான். ஜே.சி.பி.யின் பல் செங்கலைத் தொட்ட நிமிஷமே காவல்காரன் விசில் ஊதினான், சின்னத்துக்குச் சேதம் விளைவித்ததாகத் தனகோட்டியின்மேல் வழக்குப் பதிவானது. மைக் செட் வாடகைக்கு எடுத்து, காளவாயின் வாய்க்கு நேராக ஒலிபெருக்கி கட்டி, "இருக்கட்டும்! இருக்கட்டும்!" என்று நாள் முழுக்கக் கூவவைத்தான். காளவாய் அன்று மத்தியானம் ஒன்றரை முழம் வந்தது.

அதற்குப் பிறகுதான் ஊர், கூவியவனைத் தேடிக்கொண்டு வந்தது.

"யோவ் வேதகிரி, ஒரே ஒரு தபா குனிஞ்சு 'இருக்கட்டும்'னு சொல்லிடுய்யா," என்றார்கள். "ஊரே வட்டத்துல கெடக்குது."

"நாலு தெரு சுத்தினப்ப ஒருத்தன் 'இருக்கட்டும்'னு சொன்னானா?" என்றார் வேதகிரி.

வந்தவர்களில் பாதிப்பேர் அன்றைக்குக் கூடையைத் தூக்கி ஏற்றியவர்களின் பிள்ளைகள். அவர் ஒவ்வொருவரின் முகத்திலும் அப்பன் முகத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

வீட்டுக்குள்ளும் விடவில்லை. மகள் தெய்வானை தையல் மிஷினில் சம்பாதித்துக் கட்ட ஆரம்பித்த குளியலறை, நான்கு சுவர் எழும்பிக் கூரை போடுவதற்குள் வட்டத்தில் விழுந்திருந்தது. மேலே பழைய புடவையைக் கட்டிக்கொண்டுதான் குளித்தாள்.

"காக்கா பாக்குதுப்பா, மாடி வீட்டுக்காரன் பாக்குறான், உன் ரோஷத்துக்கு நான் புடவை கட்டிக் குளிக்கணுமா?"

"இன்னும் ரெண்டு மாசத்துல வட்டம் நம்ம வீட்டைத் தாண்டிடும்."

"உனக்கு எது தாண்டும்?"

அவள் மிஷினை மிதித்த வேகத்தில் அன்று நூல் மூன்று முறை அறுந்தது.

முந்நூறாம் நாள் தனகோட்டியின் மனைவி பூங்காவனம் வந்தாள். வெயிலில் நடந்துவந்து, வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, அந்த மணலைச் சலிச்சவ நான். கல்லும் சிப்பியும் இல்லாம மெல்லிசா இருக்கணும்னு அவரு சொன்னாரு, மூணு நாள் சலிச்சேன். நீ கூடையோட எங்க தெருவுல வந்தப்ப கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நின்னேன். இதை நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன். அந்தம்மாகிட்ட எழுதிக் குடுக்கறேன். விட்டுடு."

வேதகிரி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கிறவரைக்கும் நின்றார்.

"அண்ணி, உங்ககிட்டேர்ந்து எனக்கு எதுவும் வரவேண்டியதில்ல," என்றார். "உங்க வாயால வந்தா அது உங்க பாவம் கழியறது. எனக்கு வரவேண்டியது அவன் வாயில இருக்குது."

"அந்த வாயில வராது தம்பி. அம்பது வருஷமா அவருகூட இருக்கேன், தெரியாம காலை மிதிச்சாக்கூட 'கால் பட்டுடுச்சு'ன்னுதான் சொல்லுவாரு."

முந்நூற்று நாற்பத்தேழாம் நாள், காளவாய் தனகோட்டியின் வாசல் கேட்டுக்கு மூன்று முழம் தள்ளி நின்றது. பத்து ஆள் உயரத்துக்கு வெயிலை மறைத்ததால் வீட்டுக்குள் பகலிலேயே விளக்குப் போடவேண்டியிருந்தது. அன்று காலை பத்து மணிக்கு உண்மையைச் சொல்லத் தனகோட்டி ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று முந்தின நாளே செய்தி வந்திருந்தது, நூர்ஜகான் ஜீப்பில் வந்தார், கையில் தாளும் பேனாவும் குரலைப் பிடிக்கிற சின்ன மிஷினும் இருந்தன. ஊர் மொத்தமும் வந்து மதில்மேல் ஏறி உட்கார்ந்தது. கலியன் கடையைத் தள்ளிக்கொண்டு வந்தான். தனகோட்டியை நாற்காலியோடு தூக்கிவந்து காளவாயின் வாய்க்கு எதிரே வைத்தார்கள். வேதகிரி பத்தடி தள்ளி நின்றார், துவைத்த வேட்டி கட்டியிருந்தார், சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார்.

தனகோட்டி தொண்டையைச் செருமினான். "எழுவத்தொம்பதுல, கோயில் சுண்ணாம்புல, மணல் கலந்துபோச்சு."

"கலந்துபோச்சா?" என்றார் வேதகிரி. "தானா கரையேறி நடந்து வந்து கலந்துச்சா?"

மதில்மேல் சிரிப்பு ஓடியது. இப்போதெல்லாம் எதுவும் நடக்கும்டா என்று யாரோ சொன்னான்.

"சரிப்பா. மணல் கலக்கப்பட்டது."

"யாரால?"

"அந்தக் காலம் அப்படி. எல்லாரும் செஞ்சதுதான். தப்பு நடந்துடுச்சு, வருத்தமா இருக்குது."

நூர்ஜகான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "ஐயா, இப்படி எழுதினா கல்லுல வெட்ட முடியாது. வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை."

"எழுவாய்னா இன்னாம்மா?" என்று கேட்டார் வேதகிரி.

"செஞ்சது யாருன்னு சொல்ற சொல்லுங்க ஐயா."

வேதகிரி அந்தச் சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் இதற்கு இப்படியொரு பேர் இருப்பது அப்போதே தெரிந்திருக்கும், பஞ்சாயத்தில் எழுந்து நின்று அதைக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. தனகோட்டியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். நாற்பத்தைந்து வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. தைல வாடை அடித்தது.

"நான்னுகூட நீ சொல்லவேணாம்," என்றார். "அது உனக்குப் பெரிய வார்த்தையா இருந்தா விட்டுடு. கலந்துச்சுன்னு சொல்ற இல்ல? அதையே கலந்தேன்னு சொல்லு. கடைசியில வர்ற அந்த ஒரு எழுத்துதான் எனக்கு வரணும். சொல்லு, இப்பவே குனிஞ்சு கூவிடறேன். உன் வூட்டைச் சுத்திக் கழுவிக்கூட விட்டுட்டுப் போறேன்."

தனகோட்டியின் வாய் திறந்தது. உதடு குவிந்தது, நாக்கு மேலே ஏறி 'கலந்' என்ற இடத்தில் ஒட்டிக்கொண்டது. மண்டபத்துத் தூணில் காக்கைகூடக் கத்தவில்லை. அவனுக்கு வேர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது, நாற்காலியின் கை கிறீச்சிட்டது. வேதகிரியும் தன்னையறியாமல் வாயைத் திறந்து, குழந்தைக்குச் சோறூட்டுகிறவன்போல, அவனுக்கு முன்னால் அந்த எழுத்தின் வடிவத்தைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கலந்..." என்றான் தனகோட்டி. "கலந்... துச்சு."

பூங்காவனம் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். நூர்ஜகான் தாளை மடித்துப் பையில் வைத்தார். மத்தியானம் காளவாய் ஒரு முழம் வந்து, கேட்டுக்கு இரண்டு முழத்தில் நின்றது.

மறுநாள் திண்டிவனத்திலிருந்து தனகோட்டியின் மகன் கார் கொண்டுவந்தான். தனகோட்டியையும் மருந்துப் பெட்டியையும் பின்சீட்டில் ஏற்றினான்; பூங்காவனம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கார் தெருமுனையில் திரும்பும்போது தனகோட்டி கண்ணாடியை இறக்கி, கடையோரம் நின்ற வேதகிரியைப் பார்த்துக் கையாட்டினான். "வரேன்டா மணலு" என்றான். கார் போய்விட்டது.

அன்று மத்தியானம் ஊர் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது, காளவாயின் வாய் கேட்டைப் பார்த்து இல்லை. அரைவட்டம் திரும்பி, திண்டிவனம் போகிற ரோட்டைப் பார்த்திருந்தது. அடுத்த நாள் தனகோட்டியின் மதிலை உரசாமல், ஒரு முழம், அந்த ரோட்டில் ஏறியது. சில வாரங்களில் சிப்பிமேட்டில் வட்டம் வீடு வீடாக விடத்தொடங்கியது, கொத்தனார்களுக்குக் கை போதவில்லை. துறையிலிருந்து புதுக் கடிதம் வந்தது, கிராமம் இப்போது தென்கிழக்கே திரும்பியிருப்பதாக. கருங்கல் மட்டும் இருந்த இடத்திலேயே, காளவாய் இல்லாத வெறும் தரைக்கு முன்னால், அதே எழுத்துகளோடு நின்றது.

தெய்வானையின் குளியலறைக்குக் கூரை போட்ட அன்று, அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து போனில் ஏதோ தட்டினாள்.

"திண்டிவனம் முப்பத்தாறு கிலோமீட்டர். தெனம் ஒரு முழம்னா, இருநூத்துப் பதினாலு வருஷம் ஆவும்பா."

"ஆவட்டும்."

"அதுக்குள்ள அவரு போயிடுவாரு. நீயும் போயிடுவ."

"காளவாய் இருக்கும்," என்றார் வேதகிரி. "அதை எவனும் தொடக்கூடாதுன்னு கவர்மெண்ட்டே சட்டம் போட்டுக் காவலுக்கு ஆள் வெச்சிருக்குது. அவன் செத்தா அவன் புள்ளை வாசல்ல போய் நிக்கும். புள்ளைக்கப்புறம் பேரன் வாசல்ல நிக்கும்."

"நின்னு? அங்க யாரோ ஒருத்தன் அந்த ஒரு எழுத்தைச் சொல்றான்னே வெச்சுக்கோ. இந்தப் பக்கம் அதை வாங்கிக்க ஆள் வேணாமா?"

வேதகிரி கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதப்பா," என்றாள் தெய்வானை. "சொல்லிட்டேன். என்னைப் பாக்காத."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.